மயிரிழை சின்னது

லுபோரின் பொட்டலத்தை ராடிம் தன் பெயரில் வாங்கவில்லை. எதிரியிடம் காசு கொடுத்து வாங்கினான் என்று நாலு பேர் பேசுவதைவிடப் பட்டினி கிடப்பான் அவன். ப்ர்னோவில் இருக்கும் மச்சான் பெயரில் வரவழைத்து, மச்சான் அதை வேறு உறைக்கு மாற்றிக் கொயெட்டீனுக்கு அனுப்பி, ஒரு வழியாக அது ராடிமின் கராஜ் மேசை விளக்குக்குக் கீழே வந்து சேர்ந்தது. நெற்றியில் ஏற்றி வைத்திருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினான்.

உறைக்குள் இருந்தது ஒரு இருக்கை. கட்டைவிரல் நுனி அளவுதான். மிக்-21 போர் விமானத்தில் விமானி உட்காரும் இருக்கை. விமானம் விழப்போகிறது என்றால் ஆளையும் தூக்கிக்கொண்டு வானத்தில் எகிறுமே, அது. அதை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, ஊற்றினால் இறுகும் ரெசின் பிசினில் வார்த்திருந்தார்கள்.

இதையெல்லாம் யார் வாங்குகிறார்கள் என்றால், பெட்டியில் வரும் பிளாஸ்டிக் விமானத்தை வாங்கி ஒட்டுகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. பெட்டியோடு வரும் இருக்கை அவர்களுக்கு ஆகாது. சமையலறை ஸ்டூல் மாதிரி இருக்கிறது என்று தூக்கிப் போட்டுவிட்டு, வார் தெரிய, கொக்கி தெரிய, மெத்தையில் சுருக்கம் தெரிய வேறொன்று வாங்குவார்கள். விமானத்தை ஒட்டி முடித்துக் கண்ணாடி மூடியைப் பொருத்தினால் அந்த இருக்கையில் பாதி கண்ணுக்கே தெரியாது. உள்ளே இருக்கிறது என்பது தங்களுக்குத் தெரிந்தால் போதும் அவர்களுக்கு. மொராவியா வட்டாரத்தில் இந்த மாதிரி சாமான் வார்க்கும் கராஜ்கள் தடுக்கி விழுந்தால் ஒன்று. ராடிமுடையது கொயெட்டீனில், லுபோருடையது அரைமணி நேரப் பயணத்தில் ப்ரொஸ்த்யெயோவில்.

ராடிம் இருக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தன் டப்பாவிலிருந்து தன்னுடைய இருக்கை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அவனுடையது சாம்பல் நிற ரெசின். லுபோருடையது வெண்ணெய் நிறம். லுபோர் எப்போதும் அந்த நிறத்தில்தான் வார்ப்பான். நிறத்தை விட்டுவிட்டால் இரண்டும் ஒன்று. மெத்தையின் இடது ஓரத்தில் பிறை மாதிரி ஒரு மடிப்பு இருக்கிறதே, அதுகூட இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே வளைவில் இருந்தது.

“ஹெட்விகா, இங்க வா.”

ஜாம் தடவிய ரொட்டித் துண்டும் கையுமாக மனைவி வந்தாள். சிலிக்கோன் ரப்பர் அச்சில் ரெசின் ஊற்றுவது, குமிழி இல்லாமல் பார்ப்பது, பொட்டலம் கட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. இரண்டையும் பார்த்தாள்.

“நம்மளோடதுதான். ஒண்ணுக்கு வேற நிறம் கலந்துட்டியா?”

“இது லுபோரோடது.”

“அப்படியா.” அவள் ரொட்டியைக் கடித்தாள். “நல்லா வந்திருக்கு. குமிழியே இல்ல.”

அந்தக் கடைசி வார்த்தை ராடிமுக்கு என்னவோ போல் இருந்தது. வீட்டில் திருட்டுப் போயிருக்கிறது, இவள் திருடனுக்குக் கைவேலை சர்டிபிகேட் கொடுக்கிறாள். லுபோரும் இவளும் ஒரே பள்ளிக்கூடம். ஏதோ ஒரு விழாவில் இரண்டு பேரும் சேர்ந்து ஆடியதாக ஒரு கதை உண்டு. முப்பது வருஷமாக மறந்து கிடந்த கதை அன்று காலை எழுந்து உட்கார்ந்துகொண்டது.

ஒத்தகரை வரச் சொன்னான். ஒத்தகர் ராடிமின் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன், பள்ளி நாளிலிருந்து சிநேகிதன். எந்தச் சாமானுக்கும் முதலில் ஒரு மூல உரு வேண்டும். பிளாஸ்டிக் தகடு, செம்புக் கம்பி, ஈயத் தாள், பள்ளம் அடைக்கும் புட்டிப் பசை என்று கண்டதையும் ஒட்டி, சுரண்டி, தேய்த்துக் கையால் செய்வது அது. அதன்மேல் சிலிக்கோனை ஊற்றித்தான் அச்சு எடுக்க வேண்டும். ராடிமின் கராஜில் பிறந்த அத்தனை மூல உருவும் ஒத்தகரின் கை. பொட்டல அட்டையில் மட்டும் ‘வடிவமும் வார்ப்பும்: ராடிம் ஹெய்னிஷ்’ என்றுதான் இருக்கும். கம்பெனி பெயர்தானே, நமக்குள் என்ன என்பான் ராடிம். ஒத்தகர் அதற்கு ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாததை எல்லாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் சௌகரியம் சிநேகிதத்தில் உண்டு.

ஒத்தகர் வந்து கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தான்.

“இந்த மடிப்பு எப்படிடா வந்துச்சு?” என்றான் ராடிம்.

“என் நகம். புட்டி ஈரமா இருக்கையில அழுத்தினேன்.”

“இன்னொரு தடவ அதே மாதிரி அழுத்த முடியுமா?”

“முடியாது. எனக்கே வராது.”

“அப்ப இது காப்பி.”

ஒத்தகர் இருக்கையைக் கீழே வைத்தான். “விடுடா. ஊர்ல எவ்வளவு மிக் இருக்கு, எவ்வளவு சீட் வேணும். அவனும் வித்துட்டுப் போறான்.”

“விடறதா? நம்மளோடது வசந்தத்துல வந்துச்சு. அவன் இப்பத்தான் விக்கறான். நான் எழுதப் போறேன்.”

“எழுதாத, ராடிம். நான் சொல்றதக் கேளு.”

“உனக்கு எப்பவும் இளகின மனசு,” என்று ராடிம் அவன் தோளில் தட்டினான்.

அன்று மத்தியானமே எழுதிவிட்டான். மாடல்காரர்கள் எல்லோரும் கூடிப் பேசும் இணையதளம் ஒன்று உண்டு; அங்கே ஒருவன் தும்மினால் மற்றவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான். லுபோர் திருடன் என்று பேரைப் போட்டே எழுதினான். கூடவே ஒரு சவாலும் விட்டான். கொயெட்டீன் கண்காட்சியில் எல்லோர் முன்னாலும் இரண்டு இருக்கையையும் அளக்கலாம். எவனுடையது சின்னதோ அவன் மேசையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகட்டும், திரும்ப வரவே வேண்டாம்.

சவாலில் அர்த்தம் இருந்தது. ரெசின் இறுகும்போது துளி சுருங்கும். அச்சில் இருந்து வெளியே வரும் வார்ப்பு, அச்சுக்குக் காரணமான உருவை விட மயிரிழை சின்னதாகத்தான் இருக்கும். அந்த வார்ப்பை ஒருவன் கடையில் வாங்கி, அதன்மேல் அச்சு எடுத்து வார்த்தால் அது இன்னும் ஒரு மயிரிழை சின்னது. கண்ணுக்குத் தெரியாது, வெர்னியர் என்கிற அளவுக் கருவிக்குத் தெரியும். காப்பி அடித்தவன் என்று முத்திரை விழுந்துவிட்டால் கண்காட்சியில் மேசை கிடையாது, கடைக்காரன் சரக்கு எடுக்க மாட்டான். இருபது வருஷப் பெயர் ஒரே நாளில் போய்விடும். லுபோர் இனி வாயைத் திறக்க மாட்டான் என்று ராடிம் நினைத்தான்.

லுபோரின் பதில் ஒரு வரியில் வந்தது. ‘சரி, அளக்கலாம். வெர்னியரை நீயே கொண்டு வா.’

ராடிமின் தூக்கம் அந்த ஒரு வரியில் போயிற்று. திருடன் இவ்வளவு தைரியமாகப் பேசுவானா? யோசிக்க யோசிக்க அவனுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. லுபோர் கடையில் வாங்கிய இருக்கையிலிருந்து அச்சு எடுக்கவில்லை. மூல உருவே அவன் கைக்குப் போயிருக்கிறது. அதிலிருந்து அச்சு எடுத்தால் அவன் வார்ப்பும் நம் வார்ப்பும் ஒரே அளவாகத்தான் இருக்கும். அளந்தால் எதுவும் தெரியாது, நாம்தான் வாயில் விரலை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். மூல உரு பெப்பர்மின்ட் டப்பா ஒன்றில், பூட்டிய இழுப்பறையில் இருக்கிறது. சாவி இரண்டு. ஒன்று அவனிடம், மற்றது ஹெட்விகாவிடம்.

டப்பாவைத் திறந்து பார்த்தான். மூல உரு சாம்பல் நிறப் பூச்சோடு, ஒத்தகர் கொடுத்தபடியே பஞ்சில் படுத்திருந்தது. போய்த் திரும்பி வந்ததா, போகவே இல்லையா என்று அதன் முகத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்.

அதற்குப் பிறகு அவன் வீட்டில் புருஷனாக இல்லை, போலீஸ்காரனாக இருந்தான். ஹெட்விகா போனில் பேசினால் தண்ணீர் குடிக்க எழுந்து வருவான். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவள் ப்ரொஸ்த்யெயோவுக்குப் போவாள். அங்கே அவளுடைய அக்கா இடுப்பு ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தாள். அதே நாளில் ஒத்தகருக்கு அங்கே பல் டாக்டர். அவன் காரில்தான் போய்வருவாள். இத்தனை நாள் இது சாதாரணச் செய்தி. இப்போது ப்ரொஸ்த்யெயோவ் என்ற ஊரில் லுபோரைத் தவிர வேறு ஜனமே இல்லை என்பது போல ராடிமுக்குத் தோன்றியது. ஒத்தகர் மாதக்கணக்கில் பல் பார்க்கப் போகிறானே, அவன் வாயில் இருப்பது பல்லா தோட்டமா என்று மட்டும் அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

“அக்கா எப்படி இருக்கா?” என்று கேட்டான் ஒரு வியாழன்.

“நடக்கறா. ஆச்சரியமா இருக்கே, நீ அவளப் பத்திக் கேக்கறது.”

“ஏன், கேக்கக் கூடாதா. அவ வீட்டுப் பக்கமா லுபோரோட கராஜ்?”

“இல்ல, அது ஸ்டேஷன் பக்கம்.”

லுபோரின் கராஜ் எங்கே என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது. ராடிம் அதையும் மனதில் முடிந்து வைத்துக்கொண்டான். சின்ன ஊரில் யார் கராஜ் எங்கே என்று தபால்காரரின் நாய்க்குக்கூடத் தெரியும் என்பது அவன் கணக்கில் வரவில்லை.

அவள் ஜாக்கெட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே போனாள். அவன் அதைக் கையால் தடவிப் பார்த்தான், அதன் பைகளைத் துழாவினான். வலது கை மடிப்பில் ஒரு சொட்டு இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினான், வரவில்லை. ரெசின். சாம்பல் நிறம் இல்லை. வெண்ணெய் நிறம்.

ராடிம் அப்படியே செருப்பு வைக்கும் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தான், வந்தது துக்கம். உள்ளே அவள் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டிருந்தாள். இவ்வளவு சாதாரணமாக எப்படி இருக்க முடிகிறது இவளால் என்று நினைத்தான்.

ஆனாலும் ஒரு சொட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று ஒரு பொறி வைத்தான். அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று அவள் கேட்டபோது, “சுகோய்-7 சக்கரம். யாருக்கும் தெரிய வேண்டாம்,” என்றான். அப்படி ஒரு எண்ணமே அவனுக்குக் கிடையாது. ஒத்தகரிடம்கூடச் சொல்லவில்லை. ஹெட்விகா ஒருத்திக்குத்தான் அது தெரியும்.

அடுத்த வியாழனுக்குப் பிறகு லுபோர் இணையதளத்தில் எழுதியிருந்தான். ‘சுகோய்-7 சக்கரத்தை இன்னொருவர் செய்வதாகக் கேள்விப்பட்டேன். நல்லது, நான் அந்தப் பக்கம் வரவில்லை.’

ராடிம் அதை மூன்று தடவை படித்தான். இதற்குமேல் என்ன வேண்டும்.

கண்காட்சி நாள் வந்தது. உடற்பயிற்சிக் கூடத்தில்தான் வருஷா வருஷம் நடக்கும். ஏறுகயிறுகளைச் சுருட்டிச் சுவரில் கட்டிவிட்டு, மரத்தரையில் மேசைகளைப் போட்டுவிடுவார்கள். ராடிமின் மேசை மடக்கு மேசை, பழசு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்தால்தான் கால் விரியும். இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் ஹெட்விகா. விரித்து, துணி போட்டு, அவள் பொட்டலங்களை வரிசையாக அடுக்கினாள். அன்று குளிர் முன்னதாகவே வந்திருந்தது. அதே ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள். அவள் கை ஒவ்வொரு பொட்டலத்தையும் வைக்கும்போது அந்தச் சொட்டு மேலும் கீழும் போய்வந்தது. ராடிம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்க?” என்றாள் அவள். “நீ கேட்டதுதான அளக்கறது. பயமா?”

“பயப்பட வேண்டியது நான் இல்ல.”

“பின்ன யாரு?”

“லுபோர்கிட்ட சுகோய்-7 பத்திச் சொன்னது யாரு?”

அவளுக்கு முதலில் புரியவில்லை. கையில் ஒரு பொட்டலத்தோடு நின்றாள். ராடிம் அவள் கையைப் பிடித்து மடிப்பைத் திருப்பிக் காட்டினான்.

“இது எங்க ஒட்டுச்சு? நம்ம வீட்டுல இந்த நிறமே கிடையாது. இழுப்பறைச் சாவி யார்கிட்ட இருக்கு? வியாழன் வியாழன் அக்காவத்தான் பாக்கப் போறியா?”

ஹெட்விகா அந்தச் சொட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் கையை விடுவித்துக்கொண்டு, பொட்டலத்தை வரிசையில் நேராக வைத்தாள்.

“போய் அளந்துட்டு வா,” என்றாள். “அப்புறம் பேசலாம்.”

நடு மேசையில் கூட்டம் கூடிவிட்டது. கண்காட்சிக் குழுவுக்குத் தலைமை கொலாரோவா அம்மா. பம்ப் தொழிற்சாலையில் இன்ஜினியர், பேச்சில் ஒரு சொல் கூடாது, குறையாது. லுபோர் முன்பே வந்து நின்றான். உயரமான ஆள், அன்று கொஞ்சம் கூனி நின்ற மாதிரி இருந்தது. ராடிமைப் பார்த்துத் தலையை அசைத்தான்.

“இப்பவும் விட்டுடலாம்டா ராடிம்,” என்றான் தணிந்த குரலில். “நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“ஏன், பயந்துட்டியா?”

ஒத்தகரைத் தேடினான் ராடிம். காணோம். காலையில் வாசலில் பார்த்ததுதான்.

“இரண்டு பக்கமும் மூணு மூணு இருக்கை குடுங்க,” என்றார் கொலாரோவா அம்மா. “அளக்கறது ஹெய்னிஷ். நான் பக்கத்துல நின்னு படிக்கறேன். சம்மதமா?”

“சம்மதம், இன்ஜினியர் அம்மா,” என்றான் ராடிம்.

ராடிம் தன் வெர்னியரை எடுத்தான். முதலில் லுபோருடைய இருக்கை, அடியிலிருந்து தலைத்தாங்கி வரை. பிறகு தன்னுடையது. அளவைப் பார்த்தான். வெர்னியரைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். தன்னுடையதன் அடி எங்காவது தேய்ந்து போயிருக்குமோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இரண்டாவது, மூன்றாவது இருக்கைகளை எடுத்தான். கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

ஒரே அளவு வந்திருந்தால்கூட அவன் தயாராக இருந்தான். ஒரே அளவு என்றால் மனைவி திருடி. அதைத்தான் அவன் எதிர்பார்த்து வந்தான். வந்தது அது இல்லை.

“உங்க வெர்னியர் வேண்டாம்னா என்னோடத எடுத்துக்கங்க,” என்றார் கொலாரோவா அம்மா. அவருக்கு ஏற்கனவே தெரிந்துவிட்டது. குரலில் இரக்கம் இருந்தது, அதுதான் தாங்கவில்லை.

அவர் கருவியிலும் அதேதான். ராடிமின் மூன்று இருக்கையும் லுபோரின் மூன்றையும்விட மயிரிழை சின்னது.

“இல்ல,” என்றான் ராடிம். “மூல உரு என்கிட்ட இருக்கு. இவன்கிட்ட இருந்தா காட்டச் சொல்லுங்க.” பெப்பர்மின்ட் டப்பாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். சாட்சிக்கு என்று கொண்டு வந்திருந்தான்.

லுபோர் தன் பையிலிருந்து ஒரு மருந்து டப்பாவை எடுத்துத் திறந்தான். அதற்குள்ளும் ஒரு இருக்கை. பூச்சு அங்கங்கே உரிந்து, உள்ளே வெள்ளைத் தகடும் செம்புக் கம்பியும் பச்சைப் புட்டியும் கலந்து கலந்து தெரிந்தது.

“உன்னோடதச் சுரண்டிப் பாரு,” என்றான். “அடியில, தெரியாத இடத்துல.”

ராடிம் கத்தியை எடுத்தான். இருபது வருஷமாக ஒத்தகர் கொடுத்த எந்த மூல உருவையும் அவன் சுரண்டிப் பார்த்ததில்லை. சுரண்டிப் பார்க்கவும் மாட்டான், சிநேகிதன் கொடுத்தது. சாம்பல் பூச்சு பொடியாக உதிர்ந்தது. உள்ளே தகடு இல்லை, கம்பி இல்லை, புட்டி இல்லை. ஒரே வார்ப்பு. வெண்ணெய் நிறம்.

ஹெட்விகாவின் ஜாக்கெட்டில் இருந்த சொட்டு அப்போது அவனுக்கு நினைவு வந்தது. அதோடு ஒத்தகரின் காரும் நினைவு வந்தது. அதன் முன் இருக்கையில் எப்போதும் ரெசின் டப்பாவும் கிண்ணமும் கந்தலும் கிடக்கும். ஹெட்விகா அவற்றைத் தள்ளிவிட்டுத்தான் உட்காருவாள். ப்ரொஸ்த்யெயோவ் வரை அரைமணி நேரம். புருஷன் அடுத்து என்ன செய்யப் போகிறான் என்று, புருஷனுக்காக மூல உரு செய்கிறவனிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வாள். யாருக்கும் தெரிய வேண்டாம் என்றால் அதில் ஒத்தகர் சேர்த்தி இல்லை என்றுதானே அந்த வீட்டில் இருபது வருஷமாக அர்த்தம்.

“ஒத்தகர் எனக்கு இதப் போன இலையுதிர்காலத்துலயே குடுத்துட்டான்,” என்றான் லுபோர், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “குடுக்கறதுக்கு முன்னாடி தனக்குன்னு ஒரு அச்சு எடுத்துக்கிட்டான், ரெசின் நான்தான் குடுத்தேன். சீட்டோட குடுக்கற வார் தகடெல்லாம் தயாராக எனக்கு லேட் ஆச்சு, நீ முந்திக்கிட்ட. உன் சரக்கு வந்ததும் அவனக் கேட்டேன். ராடிம்கிட்ட நானே சொல்றேன்னான். நாள் கடத்திட்டான். நான் என்ன பண்ண.”

அவன் மேசைமேல் இருந்த புதுப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் காட்டினான். முதல் சரக்கு வெறும் பையில் போயிற்று, அட்டை இப்போதுதான் அச்சாகி வந்திருக்கிறது என்றான். அட்டையில் லுபோரின் பெயருக்கு மேலே, கொஞ்சம் பெரிய எழுத்தில், ‘மூல உரு: ஒத்தகர் ஸ்லாமா’ என்று இருந்தது.

எல்லோரும் ராடிமின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொய் சொல்ல வழி இருந்ததா என்று அவன் யோசிக்காமல் இல்லை. கூடம் சூடு, ரெசின் பழசு, ஏதாவது சொல்லலாம். கொலாரோவா அம்மா காத்திருந்தார்.

“என்னுதுதான் சின்னது,” என்றான் ராடிம். “லுபோரப் பத்தி நான் எழுதினது தப்பு. இன்னைக்கே அங்க எழுதிடறேன்.”

ஒத்தகர் வெளியே, பொரித்த தொத்திறைச்சி விற்கும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். காகிதத் தட்டில் தொத்திறைச்சியும் கடுகுச் சாந்தும் தொடாமல் ஆறிக்கொண்டிருந்தன. ராடிம் எதிரே போய் நின்றான்.

“எவ்வளவு சின்னது?” என்று கேட்டான் ஒத்தகர்.

“உனக்குத் தெரியாதா.”

“தெரியும்.”

“ஏன்டா?”

ஒத்தகர் தட்டை வண்டியின் ஓரத்தில் வைத்தான். “லுபோர் ஒரு நாள் வந்து மிக் சீட் வேணும்னான். செஞ்சேன். இதுவரைக்கும் செஞ்சதுல அதுதான் நல்லா வந்துச்சு. குடுக்கப் போனப்ப, அட்டையில என் பேர எப்படிப் போடணும், முழுசாவா, முதல் எழுத்து மட்டுமான்னு கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியல. யாரும் கேட்டதே இல்லையே.” கையை ஜாக்கெட்டில் துடைத்துக்கொண்டான். “அடுத்த மாசம் நீ வந்து நின்ன. எனக்கும் அதே சீட் வேணும், சீக்கிரம் வேணும்னு. ஆமாம்னுட்டேன். இன்னொண்ணு செய்ய உட்கார்ந்தேன்டா, சத்தியமா. வரல. அதைவிட மட்டமா ஒண்ணச் செஞ்சு உனக்குக் குடுக்கவும் மனசு வரல. அச்சு இருந்துச்சு. ஊத்திக் குடுத்துட்டேன்.”

“சொல்லியிருக்கலாமே. நான் மேசையில நிக்கறதுக்கு முன்னாடி.”

“எழுதாதன்னு சொன்னேன். நீ என் தோளத் தட்டின.”

ராடிமுக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவன் எதிரே நிற்க முடியாத மாதிரியும் இருந்தது. துரோகம்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் உள்ளே மேசையில் அடுக்கியிருந்த ஒவ்வொரு பொட்டலத்திலும் இருந்த அச்செழுத்து அவனுக்குக் கண்ணை மூடினாலும் தெரிந்தது. ‘வடிவமும் வார்ப்பும்’ என்று எழுதியது அவனேதான். கூடத்துக்குத் திரும்பி நடந்தான்.

ஹெட்விகா பொட்டலங்களை எல்லாம் பெட்டியில் போட்டு முடித்திருந்தாள். துணியை மடித்துக்கொண்டிருந்தாள். செய்தி அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது.

“ஒத்தகர்,” என்றான் ராடிம்.

“தெரியும். சொன்னாங்க.”

“அந்தக் கறை அவன் கார்ல...”

“எங்கன்னு எனக்குத் தெரியும். கறை பட்ட அன்னைக்கே தெரியும். நீ கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்.” துணியை நாலாக மடித்துப் பெட்டியின்மேல் வைத்தாள். ஜாக்கெட்டைக் கழற்றி அதற்கும் மேலே வைத்தாள், வலது கை மேலே தெரியும்படி. “ஒண்ணு சொல்லட்டுமா. என்னச் சந்தேகப்பட உனக்கு ஒரு சொட்டு போதுமா இருந்துச்சு. அவன்மேல சந்தேகம் வர, வெர்னியர வச்சு அளந்து, அதுவும் பத்தாம கத்திய வச்சுச் சுரண்ட வேண்டியிருந்துச்சு.”

ராடிம் வாயைத் திறந்தான். தப்புதான் என்று சொல்ல நினைத்தான். நடு மேசையில் அவ்வளவு பேர் முன்னால் வந்த வார்த்தை, இங்கே ஒருத்தி முன்னால் வரவில்லை.

“நான் ரயில்ல அக்கா வீட்டுக்குப் போறேன்,” என்றாள் அவள். “இன்னைக்கு வியாழன் இல்ல. ஆனாலும் போறேன்.”

ஸ்வெட்டரோடு, குளிரில், கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். அவன் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும் என்று அவனுக்கு உடனே தெரிந்தது, ஆனால் கூடம் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தது.

இனி மேசையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டியது. அவனே எழுதிய வாக்கியம். ஒரு பக்கக் காலை மடக்கினான். மறுபக்கத்தை யாராவது பிடித்தால்தான் அந்தக் கால் மடங்கும். சுற்றிப் பார்த்தான். லுபோர் தன் மேசையிலிருந்து ஒரு அடி எடுத்து வைத்து, ராடிமின் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றான். ராடிம் மேசையை ஒரு கையால் பிடித்து, ஜாக்கெட்டை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டு, மடங்காத காலோடு வாசல் வரைக்கும் இழுத்துப் போனான். மரத்தரையில் அது கிறீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.